கழிவறைச் சுவரில் அம்மா

மலாக்கா டவுனில் சின்னக் கடை வைத்து, டைல்ஸில் படம் வரைந்து சுட்டு விற்கிறேன். மலை, ஆறு, மீன், பூ, எது கேட்டாலும் வரைவேன். ஆயர் குரோவில் உணவகம் திறக்கவிருந்த நம்மாள் ஒருவர், ஆற்றங்கரைப் படத்தோடு, "பால்மரக்காடும் வேணும்ணே. மரம் வெட்டுற பொம்பள ஒன்னு போடுங்க" என்றார். வேறு யாரைத் தேடுவது? டுரியான் துங்கால் பக்கம் மரம் வெட்டி, பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுத்து, என்னை வளர்த்த அம்மாவையே நிற்க வைத்தேன்.

முட்டிவலியோடு மூன்று நாள் நின்றார். முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, கையில் உளி. "வெட்டுக்கோடு இடப்பக்கம் மேல ஆரம்பிச்சு வலப்பக்கம் எறங்கணும்டா. மாத்திப் போட்டா பாக்குறவன் காறித் துப்புவான்" என்று அதட்டல் வேறு. டைல்ஸை ஒட்ட உணவகக்காரரே ஆள் வைத்திருந்தார்.

திறப்பு விழாவுக்கு அம்மா பட்டுச்சேலையில் வந்தார். எல்லாச் சுவரையும் பார்த்துவிட்டு, "எங்கடா நான்?" என்றார். "இருங்கம்மா, கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அவசரத்துக்கு ஆண்கள் கழிவறைக்குப் போனேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்று, முடித்து, ஜிப்பை இழுக்கும்போதுதான் குனிந்தேன். சிறுநீர்த் தொட்டியைச் சுற்றி என் டைல்ஸ். இடுப்பு உயரத்தில் அம்மா முகம். கன்னத்தில் மஞ்சள் சொட்டு. சீ! என்னுடையதாகக்கூட இருக்கலாம். கைகழுவும் குழாய்க்கு ஓடினேன்.

வெளியே உணவகக்காரரை மறித்தேன். "என்னய்யா வேல இது?"

"ஏண்ணே, சாமி படமா ஒட்டினேன்? எஸ்டேட் ஆளுதானேலா" என்று பல்லிளித்தார். "சாப்புடுற எடத்துக்கு ஆத்தங்கரைதான் அழகு."

அது யாரென்று சொல்ல நாக்குத் துடித்தது. பத்தடி தள்ளி அம்மா உட்கார்ந்திருந்தார். சொன்னால் கேட்டுவிடும். விழுங்கிக்கொண்டேன். தூ! அந்த ஆள்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

"ஒட்டும்போது ஒடஞ்சிருச்சும்மா" என்றேன்.

"அட கருமமே." வாழையிலையை ஓரமாகத் தள்ளினார். பிறகு என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினார். "மூஞ்சத் தொங்கப் போடாதடா. மறுபடி நிக்கிறேன்."

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.