றெஜினா அக்கா பிரித்துச் சொன்ன பெயர்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் றெஜினா அக்காவின் மகள் நிரோ தொலைபேசியில் அழைத்தாள். டெனிஷில்தான் சொன்னாள். விளங்கியும் விளங்காதவள்போல் மறுபடி கேட்டேன். “அம்மா போயிட்டா, அன்ரி” என்றாள் தமிழில்.

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் அக்காவும் நானும் பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம். அங்கே அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வாசிப்பு நினைவிருக்கும். டெனிஷில் மூன்று நான்கு சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக எழுதிவிடுவார்கள். நாங்கள் பாதியில் திக்கி நிற்போம். “முதல்ல பொருத்து எங்கயெண்டு பார். பிறகு அசை அசையாப் பிரி” என்பார் அக்கா.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், வன்னியிலிருந்த அவருடைய தம்பி குடும்பத்திடமிருந்து வாரக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. உள்ளூர் வானொலி ஒன்று அக்காவை நேரலையில் பேச அழைத்தது. காரில் போகும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்: வோ-பன்-வீ-ல-அவ்-தே-ல. போர்நிறுத்த ஒப்பந்தம் என்று அர்த்தம்; அதை வேண்டித்தான் பேசப் போனார்.

“காணும் அக்கா, நல்லா வருது” என்றேன்.

“இல்லை மதி. நாக்குத் தடக்கினா சனம் என்ர உச்சரிப்பைத்தான் கேக்கும். விசயத்தைக் கேக்காது.”

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நான் இருந்தேன். அக்கா பேசத் தொடங்குமுன்பே நிகழ்ச்சி நடத்தும் பெண்ணிடம் யாரோ ஒரு காகிதத் துண்டை நீட்டினார்கள். “போர் முடிந்துவிட்டதாம். இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?” என்று அவள் கேட்டாள்.

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மனப்பாடம் செய்த சொல்லுக்கு இனி வேலையில்லை என்று அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு டெனிஷில், நிதானமாகச் சொன்னார்: “என் தம்பியின் பெயர் அ-ரு-ளா-னந்-தம்.” தம்பியின் மனைவி பெயரையும் பிள்ளைகள் இருவரின் பெயர்களையும் அப்படியே பிரித்துச் சொன்னார். “இவர்கள் இருக்கிறார்களா என்று சொல்ல ஒருவரும் இல்லை. எனக்கு எதுவும் முடிந்துவிடவில்லை.”

“அருளானந்தம்” என்று அந்தப் பெண் மெல்லத் திருப்பிச் சொன்னாள். பிழையில்லாமல் சொன்னாள்.

திரும்பிக் காரில் ஏறியதும் அக்காவால் இருக்கைப் பட்டியைப் பூட்ட முடியவில்லை. நான்தான் பூட்டிவிட்டேன்.

ஆவணியில் ஒருநாள், வேலை இடைவேளையில், அகதி முகாமிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தார். அக்கா பக்கத்தில் நான் நின்றேன். தம்பியும் சின்னவளும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், “நீ சாப்பிட்டியாடா? பிள்ளை சாப்பிட்டவளோ?” என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் தம்பி அப்போதுதான் அழத் தொடங்கினார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். சாவு வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம் அதையே கேட்கிறேன்.