கழுத்தில் வந்த பக்தி

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது திடீரென்று அளவுக்கு மீறிய பக்தி வந்தால், முழங்கால் போடுவதற்கு முன் கழுத்தைத் தடவிப் பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு ஒருமுறை அப்படி வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திய எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பரிசுத்தம் என்றே நினைத்துக்கொண்டேன். இந்த வியாதி குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடும் என்று டாக்டர் சொன்னதால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. உங்களில் மூத்தவள் அப்போது தொட்டில் குழந்தை. இரும்புலியூரில் வாடகை வீடு. தாம்பரத்தில் ஒரு தபால் ஆபீசில் நான் குமாஸ்தா. ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து காலத்தில் மத்தியானச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருக்கத் தீர்மானித்தேன். சில வாரங்களிலேயே பலன் தெரிந்தது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டேன். கோழி கூவுமுன் விழிப்பு வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. பரிசுத்த ஆவியின் அசைவு என்று எண்ணினேன். கை நடுங்கியது, பயபக்தி என்று எண்ணினேன். மாசி மாதக் காலையிலும் சட்டை நனைய வேர்த்தது. அதற்கும் ஒரு பைபிள் வசனம் வைத்திருந்தேன். சாயங்காலம் மூன்று ஆள் சோற்றை ஒருவனே சாப்பிட்டதற்குத்தான் வசனம் கிடைக்கவில்லை. அத்தனை சாப்பிட்டும் இளைத்தேனே, அதுவே அற்புதம்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆபீசில் நான் தபாலில் முத்திரை குத்தும் வேகத்தைப் பார்த்து, மூட்டை தூக்குகிறவர் ஒருநாள் நின்றே விட்டார்.

"இன்னா சார், முத்திரை குத்துறியா, மேளம் கொட்டுறியா? மெதுவா குத்து சார், உள்ள கீற சேதியே கிழிஞ்சிடப் போவுது."

கோயிலில் பாடகர் குழுவில் நான் எல்லாருக்கும் ஒரு வரி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். ஆர்கன் வாசிக்கிறவர்தான் தூங்குகிறார் என்று முறைத்தேன். ஒரு ஞாயிறு எழுந்து நின்று, தூக்கத்தையும் ஊன் உடம்பையும் வென்றுவிட்டதாகச் சாட்சி சொன்னேன். சபையே நெகிழ்ந்தது. வாசலில் போதகர் கை குலுக்கினார்.

"கை என்ன தம்பி, இப்படிச் சுடுது?"

"அக்கினி, ஐயா" என்றேன்.

அந்த அக்கினி வீட்டில்தான் எரிந்தது. உங்கள் அம்மா தொட்டில் ஆட்டினால் மெதுவாகத் தெரிந்தது. காப்பி ஆற்றினால் மெதுவாகத் தெரிந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதவியாக உங்கள் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். ஒருநாள் காலை காப்பி வரச் சற்று நேரமானது. நான் கத்தினேன்: "மந்தம் உங்க குடும்பத்து ரத்தத்துலேயே ஓடுது! உங்கக்கா எஸ்.எஸ்.எல்.சி. ரெண்டு தடவை பெயிலானவதானே!"

பெரியம்மா டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது தொட்டில் கயிறு மட்டும் தொங்கியது. அக்காவும் தங்கையும் குழந்தையோடு ஊரப்பாக்கத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பக்தனுக்கு வரும் சோதனை இது என்று நினைத்து, அடுத்த ஞாயிறு இன்னும் சத்தமாகப் பாடினேன். அதற்கடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் நிற்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஈஸ்டருக்குள் வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, புதுச் சட்டைக்கு அளவு கொடுக்கத் தையல்காரரிடம் போனேன். அவர் என் பழைய அளவை நோட்டில் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? மாரு கொறஞ்சிகினே போவுது, இடுப்பு கொறஞ்சிகினே போவுது, கழுத்து மட்டும் ஒரு இஞ்சி ஏறிக் கீது! சட்டை அப்பால தெச்சிக்கலாம். மொதல்ல டாக்டராண்ட போய்க் காட்டு சார்."

டாக்டர் ஒரு வாய் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். கழுத்து வீக்கம் மேலே ஏறி இறங்கியது. இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். மின்விசிறி சுற்றவில்லை, காகிதம் ஆடியது.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது சுரக்கிற ஹார்மோன் ரத்தத்துல கலந்து, உடம்பு எந்த வேகத்துல ஓடணும்னு எல்லா உறுப்புக்கும் தகவல் சொல்லும். தபால் ஆபீஸ்லதானே வேலை செய்றீங்க? உங்க கழுத்து எல்லாத் தபாலையும் எக்ஸ்பிரஸ் டெலிவரியில அனுப்பிக்கிட்டிருக்கு. மூளைக்கு அடியில ஒரு ஹெட் ஆபீஸ் உண்டு. அது போதும் நிறுத்துன்னாலும் இது கேக்கறதில்ல. அதான் இளைப்பு, படபடப்பு, வேர்வை, பசி, தூக்கமில்லாமை, கோபம், எல்லாம்."

"அப்போ என் உபவாசம், டாக்டர்?"

"அதை விட்டுட்டு ஒழுங்கா சாப்பிடுங்க. மாத்திரை தர்றேன்."

என் பரிசுத்தம் மருந்துச் சீட்டில் ஒரு வரியாக முடிந்தது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். கோபமும் வியாதி என்றால் நான் குற்றவாளி இல்லையே! அன்றைக்கே ரயில் பிடித்து ஊரப்பாக்கம் போய், வாசலில் நின்றபடியே உங்கள் அம்மாவிடம் சீட்டை நீட்டி விளக்கினேன். உள்ளே பெரியம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"கை நடுங்கினது சுரப்பியா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"ஆமா."

"தூங்காதது?"

"சுரப்பி."

"கத்தினது?"

"அதுவும்தான். டாக்டரே சொன்னாரு."

"சரி. எங்க அக்கா ரெண்டு தடவை பெயிலானது உங்க கழுத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பாத்திரச் சத்தம் நின்றது. நான் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்க. அக்கா என்னைப் போன்னு சொல்ற அன்னைக்கு வர்றேன்" என்றாள்.

உங்களில் இளையவர்கள் இருவரும் பிறந்திருப்பதால், அவள் வந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் நடந்த ஒன்று அவளுக்கும் முழுதாகத் தெரியாது.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. ஆர்கன்காரர் விழித்துக்கொண்டார். பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் பக்கம் முழுக்கத் தைராய்டு; இரண்டாம் பக்கத்தில் ஹெட் ஆபீஸ். டாக்டரே மெச்சியிருப்பார். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். பிறகு ஓர் இன்லண்டு லெட்டரில் எழுதினேன்: "அக்கா, அன்று அப்படிப் பேசியது நான்தான். உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். என்னை மன்னியுங்கள்." சுரப்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை கவுண்டர் திறக்குமுன் ஆபீசுக்குப் போனேன். யாரும் வரவில்லை. கைகளை நீட்டி, ஒட்டிய கடிதத்தை விரல்கள்மேல் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. அது நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு முத்திரையை எடுத்து, மெதுவாக, ஒரே ஒரு தடவை குத்தினேன்.