கழிமுகத்தில் எஞ்சின் நின்றபோது

நாவலூர் அலுவலகத்திலிருந்து இரண்டு நாள் விடுப்பு எடுத்து, மனைவியோடும் ஏழு வயது மகளோடும் கடப்பாக்கம் போயிருந்தேன். இடிந்த கோட்டையைச் சுற்றிவிட்டு உப்பங்கழியில் படகு ஏறினோம்.

படகோட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். உப்பேறி வெளுத்த சட்டை. பேசும்போதெல்லாம் ஒரு கையைத் தண்ணீரில் விட்டபடியே வந்தார். "தண்ணியோட இழுப்பு கையிலதான் சார் தெரியும்" என்றார்.

கழி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்றுபோனது. அறுந்த வலை ஒன்று தண்ணீருக்குள் எஞ்சின் விசிறியில் சிக்கியிருந்தது. தண்ணீர் எங்களைக் கடல் பக்கம் இழுத்தது. எதிரே அலைகள் உடைந்து வெள்ளையாய் எழும்பின. மகள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் கீழ குந்துங்க. எய்ந்திரிக்காதீங்க" என்றவர், கத்தியோடு பின்பக்கம் குனிந்து வலையை அறுக்கத் தொடங்கினார்.

"அண்ணே, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டேன்.

அவர் வலையை அறுத்தபடியே மகளிடம், "பாப்பா, அலையப் பாக்காத. என் முதுவப் பாத்துகினு இரு" என்றார்.

அலை படகை மூன்று முறை தூக்கிப் போட்டது. அதன்பின் எஞ்சின் பிடித்தது.

கரையில் நாங்கள் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. "வாங்கண்ணே, டீ சாப்பிடலாம்" என்று கை நீட்டினேன்.

"நீங்க போங்க சார். கால் நடுங்கிகினு கீது" என்றார், மகளுக்குக் கேட்காத குரலில்.

அப்போதுதான் அவர் முழங்கால்களைப் பார்த்தேன். அந்த நடுக்கத்தை அவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.