பம்ப் கம்பெனிக்காரர் சொன்ன கதையும் என் ஆப்பிரிக்கப் பாடமும்

1. தூக்கிவிடலாம் என்றார்கள்

ஆப்பிரிக்க நாவல்களைப் பற்றிப் பேசியும் எழுதியும் சம்பளம் வாங்கியவள் நான். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துறை. ரிட்டயர் ஆன பிறகும் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஆப்பிரிக்கா போயிருக்கிறீர்களா என்பதுதான். போனதில்லை. இங்கிலாந்து நாவல் நடத்தியவர்களிடம் லண்டன் போனீர்களா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதில் எனக்கு இன்னும் எரிச்சல் உண்டு.

என் ஆராய்ச்சி, நான் எழுதிய விமரிசனக் கட்டுரைகள் எல்லாம் கடைசியில் வந்து நின்ற இடம் ஒரே ஒரு எலெக்டிவ் பேப்பர், ஆப்பிரிக்க நாவல் என்ற விருப்பப் பாடம். எம்.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு நானே சிலபஸ் எழுதி வாங்கிய பாடம். ஒரு வருடம் அதை எடுத்த மாணவர்களைக் கை விரலில் எண்ணிவிடலாம் என்று ஆனது. துறைத் தலைவி என்னைவிட இளையவர், நல்ல மாதிரி. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பாடத்திட்டத்தை முடிவு செய்யும் போர்டின் அடுத்த மீட்டிங்கில் அதை எடுத்துவிட்டு 'கன்டென்ட் ரைட்டிங்' வைக்கப் போகிறார்கள். மினிட்ஸ்கூட டைப் ஆகிவிட்டது. எங்கள் கல்லூரிகளில் மினிட்ஸ் முதலில் வரும், மீட்டிங் பிறகுதான் நடக்கும்.

எனக்கு வேறு பாடம் நடத்தத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பாடம் போனால் நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கே காரணம் இல்லாமல் போகும்.

2. போண்டாவும் ஒரு கேள்வியும்

போர்டில் பாட நிபுணர்களோடு தொழில் துறையிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆங்கிலத்துக்கு எந்தத் தொழில்துறை? கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டென்ட்டுக்குத் தெரிந்தவர் என்று ஒரு பம்ப் கம்பெனி முதலாளியைப் போட்டிருந்தார்கள். பூர்வீகம் உடுமலைப் பக்கம் தோப்பு, துரவு. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. வருவார், போண்டா சாப்பிடுவார், கையெழுத்துப் போடுவார்.

மீட்டிங் அன்றைக்கு என் பாடத்தின் பெயரைப் படித்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க, இதை எதுக்குங்க எடுக்கறீங்க? எங்க பம்ப்பு பாதி அங்கதானுங்க போகுது" என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு ஒரு கதை சொன்னார். கென்யாவில் பெரிய பண்ணைக்காரர் ஒருவர் ஆர்டர் தருவதாக இருந்தாராம். பேச்சை முடிக்க இங்கிருந்து ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். பண்ணை வாசலில் கிழிந்த சட்டையோடு ஒரு பெரியவர் நின்றிருக்கிறார். இவன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. விரலைச் சொடுக்கி, பின்னால் இருக்கும் மோட்டாரை இறக்கி வை என்றிருக்கிறான். பெரியவரும் பேசாமல் இறக்கி வைத்திருக்கிறார். அவர் அந்தப் பண்ணைக்காரரின் பெரியப்பா. ஆர்டர் கைநழுவிப் போயிற்று.

"நம்மூரு பண்ணயத்து ஆளுன்னு நெனச்சுப்போட்டானுங்க" என்றார் முதலாளி. "யாரு ஓனரு, யாரு வேலைக்காரன்னு அங்க எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு உங்க பாடத்துல சொல்லிக் குடுத்தா, இருக்கட்டுமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். துறைத் தலைவி பேனாவை எடுத்து மினிட்ஸில் அடித்துத் திருத்தத் தயாரானார். நான் ஆகட்டுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாடம் பிழைத்திருக்கும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவரு பெரியப்பாவா இல்லாம, நெசமாவே வேலைக்காரரா இருந்திருந்தா சரியாப் போயிருக்குமுங்களா?"

துறைத் தலைவி என் காலை மிதித்தார். முதலாளி போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கோபமா வெட்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு துறைத் தலைவியைப் பார்த்து, "அம்மணி கேட்ட கேள்விக்காவது பாடம் இருக்கட்டுமுங்க" என்றார்.

என் அப்பா தாராபுரத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். அதை அந்த மேசையில் நான் சொல்லவில்லை. சொன்னால் 'ஐயோ பாவம்' என்பார்கள், கேள்வி அதோடு அமுங்கிப் போகும் என்று தோன்றியது.

3. முதல் வகுப்பு

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். வாசலில் பெரியவர் மோட்டாரை இறக்கி வைக்கும் இடத்தில் நிறுத்தி, அவர் யார் என்று கேட்பேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சினிமா பார்த்தவர்கள். ஓனரின் அப்பா, ஓனரின் மாமனார் என்று அடுக்குவார்கள். அப்படி இல்லாவிட்டால் யார் என்று திருப்பிக் கேட்பேன். எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்ப்பார்கள். அங்கிருந்துதான் நாவலுக்குள் போவோம்.

இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். தூரத்து ஊர்க் கதையை நடத்தும்போது அந்த ஊரை விளக்குவதிலேயே நேரத்தைக் கொட்டாதீர்கள். கதையில் யாரை யார் இன்னும் பார்க்கவில்லை என்று கேளுங்கள். பார்க்கப்படாத ஆளுக்கு வேண்டியவர் யாராவது உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்.

நான் ஓய்வு பெற்ற வருடம், ஓனரின் உறவு இல்லாவிட்டால் அவர் யார் என்று வழக்கம்போலக் கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதுவரை அவள் குரலையே நான் கேட்டதில்லை.

"எங்கப்பாவா இருக்குமுங்க, மேடம்" என்றாள்.

மற்றவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் உட்காரவில்லை.

"எங்கப்பாவும்தான் கண்ணு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு புத்தகத்தைத் திறந்தோம்.