சப்பாத்தைக் கையில் பிடித்தபடி டயகம மலையேறியது

கொட்டகலையிலிருந்து டயகமவுக்குப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிப் பதினொரு மாதம்தான் ஆகிறது. மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாக வாசியுங்கள்.

என்னோடு வந்தவர் ரெமா. மிசோரமிலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர், வயது இருபத்தாறு. பெரியவர்களுக்கான வகுப்பில் நானும் அவரும் ஒரே வாங்கில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து தமிழ் படித்தோம். இலங்கை மலைத்தோட்டத்து ஆட்களான எங்களை இந்தியாக்காரர் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. நிஜமான இந்தியாக்காரர் பக்கத்தில் இருந்து ஆனா ஆவன்னாவுக்குத் திணறினார். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணத்து வாத்தியார். ரெமாவின் சபைக்கு மூப்பரும் அவர்தான். அதனால் ரெமாவின் வாயில் வருவது யாழ்ப்பாணத் தமிழ். அன்று டயகமவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆலயத்தில் அவர் முதல் முறையாகத் தமிழில் பிரசங்கம் செய்ய வேண்டும். வாத்தியார் கேட்டுவிட்டுக் கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதுவார். சரியில்லை என்று எழுதினால் ரெமாவைக் கொழும்புக்கு மாற்றிவிடுவார்கள். “நான் மலையில பிறந்தனான் ஐயா, எனக்கு மலைதான் வேணும்” என்றார். நான் மாரியம்மன் கோயில்காரன். ஆனாலும் துணைக்குக் கிளம்பினேன்.

கொட்டகலையில் காலை 6.10க்கு பஸ். தலவாக்கலையில் 6.50க்கு இறங்கி 7.05க்கு டயகம பஸ் பிடித்தோம். இரண்டுக்கும் சேர்த்து ஒருவருக்கு 230 ரூபாய். “தாத்தா, டயகம போகுது, ஏறுங்க” என்றார் கண்டக்டர்.

“தெரியும். போர்ட வாசிச்சிட்டேன்” என்றேன். முன்பெல்லாம் நான்கு பேரைக் கேட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

டயகமவில் 8.40க்கு இறங்கினோம். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே இரண்டரைக் கிலோமீட்டர் ஏற்றம். வாத்தியாரும் அதே பஸ்ஸில்தான் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தார். மலை தொடங்கும் இடத்தில் முனியாண்டி கல் இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். ரெமா சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். நான் திரும்பச் செருப்பைப் போட்டேன். அவர் போடவில்லை.

“இந்தக் கோயில் எங்க முடியுது ஐயா? அங்க போட்டிடுவன்.”

சுற்றிப் பார்த்தேன். மதிலும் இல்லை, கோபுரமும் இல்லை. “மலை முழுக்க அவரு காவல்தான் தம்பி” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மனிதர் ஏற்றம் முழுக்க வெறுங்காலோடு வந்தார். முதல்நாள் மழை பெய்திருந்தது. பாதையெல்லாம் அட்டை. என் செருப்பு என் காலில்தான் இருந்தது.

ஆலயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. கொழுந்து எடுக்கிற ராகேல் என்ற பெண் சீமெந்துத் தரையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டார். “என்னங்க பாஸ்டரு, சப்பாத்த கையில வச்சிக்கிட்டு அட்டைக்கு விருந்து வச்சிருக்கீங்க?”

பின்னால் வந்து சேர்ந்த வாத்தியார் சொன்னார்: “முனிக்கு முன்னால கழட்டினவர். அதுக்கோ தம்பி உம்மை இஞ்ச அனுப்பினவை? சபையிட்ட மன்னிப்புக் கேளும். அதுக்குப் பிறகு பிரசங்கம்.”

ரெமாவின் காது சிவந்தது. நின்றபடியே சொன்னார்: “நான் கும்பிடேல்லை சேர். மரியாதை குடுத்தனான். அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டன்.”

எங்கள் வகுப்பில்கூட அவர் இவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்டதில்லை.

ராகேல் சவர்க்காரக் கட்டியை நனைத்து நுரை வர அவர் காலில் தேய்த்துக்கொண்டே, “வெளங்கிருச்சு பாஸ்டரு, ஆரம்பிங்க” என்றார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார். “கொழுந்தெடுக்க மலைக்குப் போறப்ப நாங்களும் அந்தக் கல்லுகிட்ட நின்னுட்டுத்தாங்க சேர் போறோம். எங்களையும் கொழும்புக்கு மாத்துவீங்களா?”

பிரசங்கம் பதினொரு நிமிடம். பாதி விளங்கியது. சொல் தடுமாறிய இரண்டு இடத்தில் சனம் சிரித்தது; அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வெளியே வந்ததும் வாத்தியார் என்னிடம், “நான் எழுதத்தான் போறன், பெரியவர்” என்றார்.

“எழுதுங்க சேர். நானும் எழுதுவேன்.”

“நீங்களோ?”

“நீங்கதானங்க சேர் சொல்லிக் குடுத்தீங்க.”

 இறக்கத்தில் வாத்தியார் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

போகிறவர்களுக்கு: காய்ந்த சவர்க்காரத்தை முழங்கால் வரை தேய்த்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறாது. பகல் இரண்டு மணிக்குப் பிறகு மழை வரும். திரும்ப நாங்கள் பிடித்த பஸ் 3.45. முனியாண்டி கல்லருகே சப்பாத்தைக் கழற்றுவதும் கழற்றாமல் போவதும் உங்கள் இஷ்டம். கழற்றியவரை மட்டும் யாரும் விசாரணை செய்ய வேண்டாம்.

கொழும்புக்கு நான் எழுதிய கடிதம் ஒன்பது வரி. நான்கு நாள் எடுத்தது. “அவர் கும்பிடவில்லை. கும்பிட்டவன் நான். பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தெரியாதா?” என்று எழுதி, கீழே கைநாட்டு வைக்காமல் என் முழுப்பெயரை எழுதினேன். அது நான் எழுதிய முதல் கடிதம். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் வேறு யாரும் பிரிக்கக் கூடாது, நானே வாசிப்பேன். மாற்றிவிட்டோம் என்று இருந்தால் இருக்கட்டும். இரண்டாவது கடிதத்துக்குத் தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.