மூன்று முறை எடுத்துக் கொடுத்தேன்

அந்த நாடகப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சர்க்கார் முத்திரை. பதினோராம் பக்கத்தில் ஒரு வரிக்கு நேரே பென்சிலால் போட்ட மூன்று கோடுகள்.

யுத்த காலம். மாட்டுங்கா ரேஷன் ஆபீஸில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். ஜனங்கள் ரேஷனைக் குறை சொல்லாமலிருக்க, சர்க்கார் செலவில் தமிழ் நாடகம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் ஹெட்கிளார்க்தான் எழுதினார். கடைக்காரராக நடித்ததும் அவரே. நாடகமென்றால் அவருக்கு உயிர். மேலிடம் முத்திரை குத்திய பிரதியில் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. டைப் அடித்தவள் என்பதால், தட்டி மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாட்டுங்காவில் பலமாகக் கைதட்டினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கைதட்ட என்ன கஷ்டம்?

அடுத்த ஞாயிறு மத்தியானம் தாராவியில், தோல் பதனிடும் கொட்டகை முற்றத்தில் போட்டோம். பதினோராம் பக்கம் வந்தது. ‘சர்க்கார் அரிசி சுத்தமான அரிசி, குழந்தைக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம்’ என்று கடைக்காரர் சொல்ல வேண்டும். அவர் வாய் திறப்பதற்குள், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி ரேஷன் அரிசியை அவர் கையில் கொட்டினாள்.

“இத மோந்து பாத்துட்டுச் சொல்லும், அண்ணாச்சி.”

முகர்ந்தார். விரலால் கிளறிப் பார்த்தார். நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அரிசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடியும் கொடுத்தேன். மூன்றாம் தரம் என் குரல் முன்வரிசைக்கே கேட்டிருக்கும். அவர் அரிசியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. ஆனால் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகுதான் நாடகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மறுநாள் அதிகாரி, அந்த வரி ஏன் விடுபட்டது என்று என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். ‘மறந்துவிட்டார்’ என்று எழுதியிருந்தால் போதும். நடிகன் வசனம் மறப்பது உலகத்தில் இல்லாததா? ஆனால், எடுத்துக் கொடுக்க வேண்டியவள் என்ன செய்தாய் என்று என்னைக் கேட்பார்களே. அப்பா படுக்கையில் இருந்தார். என் சம்பளம்தான் வீடு. மூன்று முறை எடுத்துக் கொடுத்தேன், அவர் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று.

போகிற அன்று என் மேஜைக்கு வந்தார்.

“நீ எடுத்துக் கொடுத்தது நன்னாக் காதுல விழுந்தது, குழந்தே. பொய் ஒண்ணும் எழுதலையே நீ.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இப்போது செம்பூரில் சர்க்கார் மானியத்தில் நாடகம் நடந்தால் பேத்தி கூட்டிப் போகிறாள். நடிகர் யாராவது நடுவில் ஒரு கணம் நின்றால் எனக்குப் பகீரென்கிறது. வீட்டுக்கு வந்ததும் பிரதியை எடுத்து, பதினோராம் பக்கத்தைப் பார்க்கிறேன். அந்த மூன்று கோடுகளையும் நான் தாராவியில் போடவில்லை. மறுநாள் ஆபீஸில், விளக்கம் எழுதுவதற்கு முன், சாட்சிக்கு இருக்கட்டும் என்று போட்டேன்.