மகளின் ஓட்டு எந்த ஊரில்?

"சார், இந்த வீட்டுல மூணு ஓட்டு. மூணு பேரும் இங்கதான இருக்கீங்க?"

கேட்டவர் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த அலுவலர் அம்மா. போன ஞாயிறு காலை, மதுரை பசுமலையில் எங்கள் வீட்டு கேட்டருகே பேனாவோடு நின்றிருந்தார்.

நானும் மனைவியும் இருக்கிறோம். மூன்றாவது பெயர் மகள் சுகன்யா. கல்யாணமாகி மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

"ஆமா, மூணு பேருந்தான்!" உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். நானும் தலையாட்டத்தான் இருந்தேன்.

நான் எதையும் குறித்து வைக்கிற ஆள். சிலிண்டர் மாற்றிய நாள், தண்ணீர்த் தொட்டி கழுவிய நாள் — எல்லாம் டைரியில் இருக்கும். ஆதார், பேங்க், ரேஷன் கார்டு... மூன்றே மாதத்தில் மகளுக்கு எல்லா முகவரியையும் மாற்றிக் கொடுத்தவன். ஓட்டு மட்டும் எப்படி விட்டுப்போயிற்று?

விட்டுப்போகவில்லை. 'சுகன்யா ஓட்டு — முகவரி மாற்றம்' என்று எழுதி, வாராவாரம் அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன். எண்பத்தேழு வாரம்!

காரணம்? தேர்தல் என்றால் ஓட்டுப் போட இங்கே வருவாள். மாப்பிள்ளையும் வருவார். மட்டன் எடுப்போம். இரண்டு நாள் தங்குவாள்...

ஆனாலும் அந்த அம்மாவின் பேனா காத்திருக்கிறதே. மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஓட்டை அங்கே மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"இப்பவாச்சும் கேட்டீங்களேப்பா! எங்க தெருவுக்குப் பத்து நாளாத் தண்ணி வரல. பொம்பளைங்க எல்லாம் சேந்து வார்டு மெம்பர்கிட்டப் போனோம். நாந்தான் முன்னாடி நின்னு பேசினேன். அம்புட்டையும் கேட்டுட்டு, 'ஒனக்கு ஓட்டு மதுரையிலதானத்தா? அங்க போயிக் கேளு'ன்னுட்டாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்கப்பா."

மனைவி முகம் மாறிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஓட்டை மாத்திட்டா எலெக்‌ஷனுக்கு இங்க வரமாட்டியேடி?"

"எலெக்‌ஷன் எப்பவோ ஒருக்கா வருது. எனக்குத் தண்ணி தெனமும் வேணும்மா! மட்டன் எடுத்தாச் சொல்லு, சும்மாவே வாரேன்."

"எழுதிக்கங்கம்மா, ரெண்டு ஓட்டுதான்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அலுவலர் அம்மா சிரித்தார். "பேரை வெட்டிட்டா அங்க புதுசாப் போடணும். படிவம் எட்டு போடச் சொல்லுங்க. பேரு இங்கேருந்து அங்க போயிரும்."

அன்று மதியமே மகள் தன் போனில் படிவம் எட்டைப் போட்டுவிட்டாள். ஆன நேரம், பத்து நிமிடம்.

வீடு மாறினாலும், பிள்ளைகள் ஊர் மாறினாலும், ஓட்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நாம் தண்ணீர் பிடிக்கிற குழாய் அந்தத் தெருவில்தானே இருக்கிறது?

விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. ஆனால் சேதி அதற்குள் ஊரில் பரவிவிட்டது; நேற்று அந்த மெம்பரே அவளைத் தெருவில் நிறுத்தி, "பேரு ஏறிருச்சாத்தா?" என்று கேட்டாராம். குழாயைப் பார்க்கவும் ஆள் அனுப்பியிருக்கிறார்.

இந்த ஞாயிறு மகள் வருகிறாள். தேர்தல் ஏதும் இல்லை. மட்டன் எடுக்க வேண்டும் என்று டைரியில் எழுதிவிட்டேன் — இதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதாக இல்லை!